எஸ்ஸவீராவில் கடைசி நாள்: மராக்கேஷா, கடற்கரையா, ஊருக்குள்ளேயா?

மொரோக்கோவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் எஸ்ஸவீராவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதல் சில நாட்களில் சிரமமே இல்லை. ஊர் சின்னது. காலாற நடந்தாலே கோட்டைச் சுவர், துறைமுகம், கடைவீதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். யோசிக்க வைப்பது கடைசி நாள்தான். பகல் 11, 12 மணிக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். விமானமோ மாலையில், இல்லையென்றால் இரவில். இடையில் கிடைக்கும் நேரத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு ஆசை. எங்கள் வீட்டில் மகளுக்கு ஒட்டகம், மாமியாருக்கு ஆர்கான் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பதைப் பார்க்க வேண்டும், கணவருக்கு மராக்கேஷையும் ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாமே நியாயமான ஆசைகள். ஆனால் ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: கடைசி நாளில் புது இடம் தேடாதீர்கள், எஸ்ஸவீராவுக்குள்ளேயே இருங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது. எஸ்ஸவீராவுக்கென்றே ஒரு சிறிய விமான நிலையம் ஊருக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் இருக்கிறது. லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களிலிருந்து நேரடி விமானங்கள் சில நாட்களில் மட்டும் வந்துபோகும். அங்கிருந்து ஏறுகிறவர்களுக்குப் பாதிக் கவலை அப்போதே தீர்ந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் மராக்கேஷ் போய்த்தான் ஏற வேண்டும். தூரம் ஏறக்குறைய 190 கி.மீ. ரயில் கிடையாது. சுப்ராதூர்ஸ், சி.டி.எம். பேருந்துகளில் 3 மணி நேரம் ஆகும். கார் வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறையும். மறுநாள் விடியற்காலையில் மராக்கேஷிலிருந்து விமானம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முந்தைய நாள் மதியமே கிளம்பிப் போய் அங்கே தங்கிவிடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் மாலை, இரவு விமானம் உள்ளவர்களுக்கு.

இரண்டாவது விஷயம் அதைவிட முக்கியம், ஆனால் பலர் யோசிப்பதில்லை. அறையைக் காலி செய்த பிறகு பாட்டி எங்கே உட்காருவார்? கழிப்பறைக்கு எங்கே போவது? பிள்ளைகள் மேலெல்லாம் மணலாகி வந்தால் எங்கே குளிப்பாட்டுவது? மராக்கேஷ், போகிற வழியில் ஆர்கான், கடற்கரை, ஊருக்குள்ளேயே இருப்பது என்ற நான்கு வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மராக்கேஷுக்கு முன்னதாகவே போவது

கேட்க நன்றாக இருக்கும். எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறோம், காலையிலேயே கிளம்பினால் மதியம் ஊரைப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மராக்கேஷின் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்துக்கு உயிர் வருவதே பொழுது சாயும்போதுதான். கதை சொல்பவர்களும் பாட்டுக்காரர்களும் புகை பறக்கும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்து நிற்கும் அந்த நேரத்தில் நீங்கள் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். மதியத்தில் அது வெயில் கொளுத்தும் வெட்டவெளி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மராக்கேஷில் 40 டிகிரி சர்வசாதாரணம். கடல்காற்று வீசும் எஸ்ஸவீராவில் அதே நாளில் 25 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். ஒரே நாளில் இந்த மாற்றம் பெரியவர்களின் உடம்புக்கு ஆகாது.

மஜோரெல் தோட்டத்துக்கு நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். பேருந்து தாமதமானால் அந்த நேரம் போய்விடும். பஹியா அரண்மனை அழகுதான், ஆனால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நுழைவது யாருக்கும் இன்பமில்லை. மராக்கேஷுக்கென்று தனியாக இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்கி இன்னொரு முறை வருவதே அந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை.

போகிற வழியில் ஆர்கான்

மராக்கேஷ் வழியாகத்தான் போக வேண்டும், காரும் அமர்த்தியாகிவிட்டது என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆர்கான் மரம் தென்மேற்கு மொரோக்கோவின் சொத்து. அந்தக் காடுகளை யுனெஸ்கோ 1998ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. எண்ணெய் எடுக்கும் மரபறிவு 2014ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. எஸ்ஸவீராவை விட்டு வெளியே வந்ததுமே சாலையின் இருபுறமும் அந்த முள்மரங்கள் தெரியும்.

பெண்கள் கூட்டுறவு நிலையங்களில் எண்ணெய் எடுப்பதைக் கண்முன்னே பார்க்கலாம். ஒரு கல்லின் மேல் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் தட்டி உடைப்பார்கள். கொட்டை அவ்வளவு கெட்டி. இயந்திரங்கள் வந்த பிறகும் இந்த வேலை பெரும்பாலும் கையால்தான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 30 முதல் 40 கிலோ வரை பழம் வேண்டும் என்பார்கள். பருப்பை வறுத்து ஆட்டினால் சமையலுக்கு, வறுக்காமல் எடுத்தால் தலைக்கும் தோலுக்கும். வறுத்த எண்ணெயோடு பாதாமும் தேனும் சேர்த்து அரைத்தால் அம்லூ. ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள் அந்தக் கிண்ணத்தை விடவே மாட்டார்கள்.

ரபாத் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஸுபைதா ஷர்ரூஃப் 1990களில் முதல் பெண்கள் கூட்டுறவைத் தொடங்கி வைத்தார். கிராமத்துப் பெண்கள் கையில் நேரடியாகக் காசு புரள ஆரம்பித்தது அப்படித்தான். அதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: சாலையோரத்தில் 'கூட்டுறவு' என்று பலகை மாட்டிய எல்லாமே கூட்டுறவு அல்ல. வாசலில் இரண்டு பெண்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே முழுக்க முழுக்க வியாபாரம் நடத்தும் கடைகளும் உண்டு. நீங்கள் தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அதே சாலையில் மரத்தின் மேல் ஆடுகள் நிற்பதைக் காட்டி ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். ஆர்கான் பழத்துக்காக ஆடுகள் மரமேறுவது உண்மைதான். ஆனால் சாலையோரத்தில் ஒரே மரத்தில் அலங்காரமாக நிற்கும் ஆடுகள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஏற்றி விடப்பட்டவை. மணிக்கணக்கில் வெயிலில் நிற்கின்றன. அங்கே காசு கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

எஸ்ஸவீரா விமான நிலையத்திலிருந்தே ஏறுகிறவர்கள் இதற்காக அரை நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஊருக்குள்ளும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

கடற்கரையும் ஒட்டகமும்

பிள்ளைகளின் ஓட்டு இதற்குத்தான். எஸ்ஸவீராவின் கடற்கரை நீளமானது. எதிரே இருக்கும் மொகதோர் தீவு அலையின் வேகத்தைக் கொஞ்சம் தடுப்பதால் ஊரை ஒட்டிய வளைகுடாவில் தண்ணீர் ஆழமில்லாமல் இருக்கும். தண்ணீர் மட்டும் கோடையிலும் குளிர்ச்சிதான். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கடற்கரையைத் தீர்மானிப்பது காற்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வடக்கிலிருந்து பலமாக வீசும். அதற்காகவே உலகெங்கிலுமிருந்து காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் இங்கே வருகிறார்கள். காலையில் பெரும்பாலும் அடங்கி இருக்கும், மதியத்துக்கு மேல் மணலை வாரி இறைக்கும். அறையைக் காலி செய்துவிட்டு மதியம் கடற்கரைக்குப் போகலாம் என்று நினைத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் போய்ச் சிக்குவீர்கள். கண்ணில் மணல், தலையில் மணல், குளிக்க அறை இல்லை, அப்படியே விமானம். ஆகவே கடற்கரையையும் ஒட்டகத்தையும் முந்தைய நாள் காலைக்கு மாற்றிவிடுங்கள். கடைசி நாள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஏழு மணிக்கே போய்விட்டு, அறையைக் காலி செய்வதற்கு முன் திரும்பி வந்து குளித்துவிடுங்கள்.

ஒட்டகத்தில் ஏறுவதற்கு முன்பே தலைக்கு எவ்வளவு, எத்தனை நேரம், எதுவரை என்று மூன்றையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தின் முதுகில் புண் இருக்கிறதா, மூக்கணாங்கயிறு மூக்கை அறுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுங்கள். பெரியவர்கள் கரையோரமாக நடந்தே போகலாம். தெற்கே குஸப் ஆறு கடலில் சேரும் இடத்தில் அலைக்குள் சரிந்து கிடக்கும் ஒரு பழைய கோட்டைச் சிதைவு இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் தியாபாத் கிராமம். ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால் அலை இறங்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

பறவைகளில் ஆசை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். எலியனோரா வல்லூறு என்ற பறவை மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மொகதோர் தீவுக்கு வந்து கூடு கட்டுகிறது. பெரும்பாலான பறவைகள் வசந்தத்திலேயே குஞ்சு பொரித்துவிடும். இதுவோ கோடை முடியும் வரை காத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாக அப்போதுதான் கடலைக் கடக்கும். குஞ்சுகளுக்கு அதுவே தீனி. தீவுக்குள் போகக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் மாலையில் ஆற்று முகத்துவாரத்தின் மேல் அவை வட்டமிடுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். நல்ல தொலைநோக்கி ஒன்று போதும்.

ஊருக்குள்ளேயே இருப்பது

இதுதான் என் தேர்வு. காரணம் முதலில் ஊரின் அமைப்பு. ஃபெஸ், மராக்கேஷ் போன்ற பழைய நகரங்களில் சந்துகள் வளைந்து வளைந்து போகும், உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் வெளியே வருவதே பாடு. எஸ்ஸவீரா அப்படி வளர்ந்த ஊர் அல்ல. சுல்தான் சீதி முகமது பின் அப்துல்லா 1760களில் வரைபடம் போட்டுக் கட்டிய துறைமுக நகரம் இது. தெயோதோர் கொர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளருக்கு அதில் பங்கு உண்டு. பெரிய தெருக்கள் நேராக ஓடுகின்றன. மதிலுக்குள் கார் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக ரொட்டி வாங்க அனுப்பலாம். பாட்டி களைத்தால் எந்த இடத்திலிருந்தும் பத்து நிமிடத்தில் தங்கும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். யுனெஸ்கோ 2001ல் இந்த ஊரை உலக மரபுரிமை இடமாக அறிவித்ததற்கும் அந்த வடிவமைப்புதான் காரணம்.

பெட்டிகளுக்கும் வழி இருக்கிறது. முற்றம் வைத்த பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளுக்கு ரியாத் என்று பெயர். பெரும்பாலான ரியாத்களில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். முற்றத்தில் உட்காரவும் கழிப்பறைக்கும் தடை சொல்ல மாட்டார்கள். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்கு மட்டும் அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. எங்களுக்கு அந்தச் செலவு வீண் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மாமியார் மதியம் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். கிளம்பும்போது மதில் வாசல் வரை பெட்டிகளைக் கொண்டுபோகக் கைவண்டிக்காரர்கள் இருப்பார்கள், கரோசா என்று கேட்டால் போதும்.

காலையில் கடலைப் பார்த்த கோட்டைச் சுவருக்குப் போங்கள். வரிசையாகப் பழைய வெண்கலப் பீரங்கிகள், கீழே பாறையில் மோதும் அலை. சுவரின் அடியிலேயே வளைவு அறைகளில் தச்சர்களின் பட்டறைகள். தூயா என்ற மரத்தின் வேர்முண்டை எடுத்துக் கடைந்து, எலுமிச்சை மரத் துண்டும் முத்துச்சிப்பியும் பதித்துப் பெட்டிகள் செய்கிறார்கள். தெரு முழுக்க அந்த மரத்தின் வாசனை. எங்கே திறப்பது என்றே தெரியாதபடி செய்த சின்னப் பெட்டிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. மரம் குறைந்துகொண்டே வருகிறது. பெரிய பொருளுக்கு ஆசைப்படாமல், செய்தவர் கையிலிருந்தே சின்னதாக ஒன்று வாங்குவது நல்லது. முதல் நாளே பார்த்துவிட்டு வந்த பட்டறைக்குக் கடைசி நாள் மறுபடி போய் நின்றால் அவர் அடையாளம் கண்டு புதினாத் தேநீர் சொல்லி அனுப்புவார். தெரிந்த முகமாகத் திரும்பி வருகிறவருக்குக் கிடைக்கும் இந்த வரவேற்பு மராக்கேஷில் மூன்று மணி நேரம் அலைந்தால் கிடைக்காது. நான் ஊரிலேயே இருக்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அங்கிருந்து பழைய யூதர் குடியிருப்பான மெல்லாஹ் பக்கம் நடக்கலாம். சுல்தான் வெளிநாட்டு வாணிபத்துக்காக யூத வணிகர்களை இங்கே குடியமர்த்தினார். ஒரு காலத்தில் ஊர் மக்களில் பெரும் பகுதியினர் யூதர்கள். பிறகு ஏறக்குறைய எல்லாருமே போய்விட்டார்கள். அவர்களின் நினைவாகப் பழைய தொழுகைக்கூடம் ஒன்றைப் புதுப்பித்து 2020ல் பைத் தாகிரா என்ற அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே தெருவில் வாழ்ந்த கதையைப் படங்களோடும் பொருள்களோடும் சொல்லும் அமைதியான இடம். பதின்வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

மதியத்துக்குத் துறைமுகம். நீலப் படகுகள், வலை பிரிப்பவர்கள், தலைக்கு மேல் கடற்புறாக்களின் கூச்சல். மீன் சாப்பிடுகிறவர்கள் மீன் சந்தையில் தாங்களே வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே கரியில் சுட்டு ரொட்டியோடும் தக்காளிக் கலவையோடும் தருவார்கள். மத்தி மீனின் ருசிக்கு ஈடில்லை. எடை, சுடுகூலி இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடும் பெரியவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் பிஸாரா என்ற மொச்சை வகைப் பயறுக் கூழ், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும். மடித்துச் சுட்ட பரோட்டா போலவே இருக்கும் ம்ஸெம்மன், தேனோடு. கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஸாலூக். ஒரு எச்சரிக்கை: கோதுமை ரவையில் செய்யும் குஸ்குஸைக் காய்கறிக் குஸ்குஸ் என்று சொன்னாலும் பல இடங்களில் கறிச்சாற்றில் வேகவைத்ததாக இருக்கும். ஹரீரா என்ற சூப்பிலும் பெரும்பாலும் கறி உண்டு. கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மாலை வெயில் தாழும்போது மூலாய் ஹசன் சதுக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் போதும். க்னாவா பாடகர்கள் வந்து நிற்பார்கள். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை அது. மூன்று நரம்புள்ள கிம்ப்ரி அடிநாதமாக முழங்க, இரும்புத் தாளமான கர்கேப் மேலே ஓடும். யுனெஸ்கோ பட்டியலில் 2019ல் சேர்ந்தது. 1998லிருந்து இந்த ஊரில் அதற்கென்றே ஜூன் மாதத்தையொட்டிப் பெரிய விழா நடக்கிறது. விழா நாட்களில் போகிறவர்கள் மட்டும் நான் சொன்ன அமைதியை எதிர்பார்க்காதீர்கள். பேருந்துச் சீட்டையும் வெகு முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

கடைசி நாள் எந்தக் கிழமை என்பதும் கணக்கில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், காலையிலேயே வாங்குவதை முடித்துவிட வேண்டும். ரமலான் மாதம் என்றால் பகலில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. அதோடு அந்த மாதத்துக்கு மட்டும் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். விமான நேரத்தை இரண்டு முறை சரிபாருங்கள். ஞாயிறு என்றால், உள்நாட்டுச் சந்தையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஹத் த்ரா கிராமத்தில் பெரிய வாரச்சந்தை கூடும். ஆடு மாடு ஒட்டக வியாபாரம் எல்லாம் நடக்கும். பிள்ளைகள் வளர்ந்தவர்கள், பாட்டி தாத்தா உடன் வரவில்லை என்றால் என் தேர்வையே மாற்றிக்கொண்டு அங்கே போங்கள் என்பேன்.

மராக்கேஷ் விமானத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஊரிலேயே இருக்கலாம் என்ற நினைப்பில் கடைசிப் பேருந்து வரை தள்ளிப்போட வேண்டாம். விமான நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பாவது எஸ்ஸவீராவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பெட்டிகளுக்குத் தனியாகச் சிறு கட்டணம் கேட்பார்கள், அதற்குச் சில்லறை வைத்திருங்கள். நாலைந்து பேர் இருந்தால் ஊர்விட்டு ஊர் போகும் கிராண்ட் டாக்ஸியை முழுதாக அமர்த்துவது பேருந்தைவிடக் கூடுதல்தான், ஆனால் நேரே விமான நிலைய வாசலில் இறக்கிவிடும்.

மொரோக்கோ நாணயமான திர்ஹாமை மிச்சம் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். நாட்டை விட்டு 2,000 திர்ஹாமுக்கு மேல் எடுத்துப் போக அனுமதி இல்லை, வெளிநாட்டில் மாற்றுவதும் கடினம். டாக்ஸிக்கும் தண்ணீருக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மற்றதை ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனைக்குப் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டிய பிறகு கடைகளில் திர்ஹாமை வாங்கிக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம்.